என்ஃபீல்டு துப்பாக்கியும் ஒரு மில்லிமீட்டரும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "ஹாஸ்டல் மெஸ் பற்றி வேண்டாம், அதை ஏற்கெனவே நாலு பேர் எழுதிவிட்டார்கள்." ஆகவே, நண்பர்களே, துப்பாக்கி பற்றி எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், இது 160 வருஷத்துக்கு முந்தைய துப்பாக்கி. மெக்கானிக்கல் படித்தவர்கள் கொஞ்சம் கூடுதலாக ரசிப்பார்கள். மற்றவர்கள் கணக்கு வரும் ஒரு பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.

'ரீபோர்' என்ற சொல் நம் எல்லோருக்கும் தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து லோடு ஏற்றி மலை ஏறும் லாரி புகை கக்கினால், "இஞ்சின் ரீபோருக்கு வந்துடுச்சு" என்கிறோம். தேய்ந்துபோன சிலிண்டரின் உள்சுவரைக் கொஞ்சம் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது. விட்டத்தில் கால் மில்லிமீட்டர், அரை, முக்கால், மிஞ்சிப்போனால் ஒன்று. அதற்கு மேல் எந்த நல்ல மெக்கானிக்கும் கை வைக்க மாட்டார், ஸ்லீவ் அடிக்கச் சொல்லிவிடுவார். சுவர் மெலிந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு ஃபார்முலா இல்லாமலே தெரியும்.

இதே ரீபோர் வேலையைத் துப்பாக்கிக் குழலிலும் செய்வதுண்டு. நம் நாட்டுச் சரித்திரத்தில் அப்படி ஒரு ரீபோர் ராணுவ அளவில் நடந்தது. குழலைச் சீர் செய்வதற்காக அதை யாரும் செய்யவில்லை. துப்பாக்கியின் திறமையைக் குறைப்பதற்காகவே செய்தார்கள்.

கோத்தகிரி ரோட்டில் 'டுக் டுக்' என்று ஏறுகிற புல்லட் மோட்டார் சைக்கிளிலிருந்தே தொடங்கலாம். ராயல் என்ஃபீல்டு என்ற பெயரில் இருக்கும் 'என்ஃபீல்டு', லண்டனுக்கு வடக்கே உள்ள ஓர் ஊர். அங்கே பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அதற்கு உதிரிபாகம் செய்து கொடுத்த சைக்கிள் கம்பெனிதான் 1893-இல் அந்த ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. பீரங்கிச் சின்னம் வந்த வழியும் அதுவே. 1955-இல் கம்பெனி மெட்ராஸுக்கு வந்து, திருவொற்றியூரில் புல்லட் தயாராக ஆரம்பித்தது. நம் ஊர்ப் பையன்கள் டேங்கில் பெருமையாக எழுதி வைத்திருக்கும் பெயர், 1857-இல் இந்தியாவையே குலுக்கிய ஒரு துப்பாக்கியின் பெயரும் கூட.

அந்தத் துப்பாக்கி 1853-ஆம் வருஷத்து மாடல். வாய்ப்பக்கமாக மருந்தும் தோட்டாவும் போட்டு, கம்பியால் கெட்டித்துச் சுடும் வகை. குழலின் நீளம் 39 அங்குலம், உள்விட்டம் .577 அங்குலம், அதாவது 14.65 மில்லிமீட்டர். உள்ளே மூன்று வரிப்பள்ளங்கள், ஸ்குரூவின் மரை போலச் சுழன்று போகும். ஆனால் ரொம்ப மெதுவான மரை. 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில், தோட்டா குழலை விட்டு வெளியேறுவதற்குள் அரைச் சுற்றுதான் சுற்றும். அந்த அரைச் சுற்று போதும். பம்பரம் சுற்றும்போது சாயாமல் நிற்கிற மாதிரி, சுழலும் தோட்டா காற்றில் தடுமாறாமல் போகும். முந்தைய வழவழப்புக் குழல் துப்பாக்கியை வைத்து நூறு கஜத்துக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிபார்ப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. என்ஃபீல்டின் குறிபார்க்கும் ஏணியிலோ 900 கஜம் வரை அடையாளம் இருந்தது.

சுழல வேண்டுமானால் தோட்டா குழலோடு இறுக்கமாக உட்கார வேண்டும். பழைய 'பிரௌன் பெஸ்' மஸ்கட்டில் முக்கால் அங்குலக் குழலுக்கு .69 அங்குலக் குண்டு. 'தொபுக்'கென்று உள்ளே விழும். என்ஃபீல்டில் .577-க்கு .568. இடைவெளி கால் மில்லிமீட்டர் கூட இல்லை. இரண்டு மூன்று சுடு சுட்டாலே கரிப்படிவம் அந்த இடைவெளியை அடைத்துவிடும். ஆகவே தோட்டாவைச் சுற்றிய காகிதத்தில் கொழுப்பு தடவ வேண்டி வந்தது. அது மாட்டுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்ற சந்தேகம் டம்டம் முகாமில் 1857 ஜனவரியில் கிளம்பி என்னவானது என்பது பள்ளிக்கூடப் பாடம். இங்கே திரும்பச் சொல்லவில்லை. கலகத்துக்குக் காரணங்கள் பல உண்டு, நிலம், சம்பளம், அவமானம் எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் அந்தக் கொழுப்பு எதற்காக அங்கே வந்தது என்று என் ஹிஸ்டரி புத்தகம் சொன்னதில்லை. கால் மில்லிமீட்டர் டாலரன்ஸுக்காக வந்தது.

கலகம் அடங்கியது. கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்தது. ராணுவத்தை மாற்றியமைக்க அமைத்த பீல் கமிஷன் 1859-இல் அறிக்கை கொடுத்தது. வங்காளத்தில் இரண்டு இந்தியச் சிப்பாய்க்கு ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய், மெட்ராஸிலும் பம்பாயிலும் மூன்றுக்கு ஒன்று என்பது விகிதம். பீரங்கிப் படை பெரும்பாலும் இந்தியர் கையிலிருந்து எடுக்கப்பட்டது. மெட்ராஸ் ராணுவம் கலகத்தில் சேரவில்லை என்றாலும், சந்தேகத்தில் எல்லோருக்கும் பங்கு கிடைத்தது. அருவங்காட்டுக்குப் பக்கத்து வெலிங்டனில் 1852-இல் தொடங்கிய பேரக்ஸ், அப்போது ஜெகதளா என்று பெயர், வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காகக் கட்டப்பட்டது. அவர்களுக்கு வரிக்குழல். இந்தியச் சிப்பாய்க்கு எதைக் கொடுப்பது என்பது கேள்வி.

பதில்தான் 1858 மாடல். புதுத் துப்பாக்கி ஒன்றும் இல்லை. அதே என்ஃபீல்டை எடுத்து, உள்ளே ரீமர் விட்டு மூன்று வரிகளையும் வழித்தெடுத்தார்கள். உள்விட்டம் .577-இலிருந்து .656 அங்குலம் ஆயிற்று. 900 கஜம் வரை காட்டிய ஏணியைக் கழற்றிவிட்டு, அசையாத ஒரு சின்னப் பின்குறியை வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதே என்ஃபீல்டு. அதே கட்டை, அதே பித்தளை, அதே மெருகு. அணிவகுப்பில் நின்றால் வித்தியாசம் தெரியாது. நூறு கஜத்துக்கு அப்பால்தான் தெரியும்!

இனிக் கணக்கு. .656-இல் .577 போனால் .079 அங்குலம், அதாவது விட்டத்தில் 2 மில்லிமீட்டர். சுவரில் ஒவ்வொரு பக்கமும் 1 மில்லிமீட்டர். நம் லாரி மெக்கானிக் தொடத் தயங்கும் அளவைப் போல் இரண்டு மடங்கு. உதாரணத்துக்கு ஓரிடத்தில் சுவர் 3 மி.மீ. இருந்தது என்று வைத்துக்கொள்வோம். கடைந்த பிறகு 2 மி.மீ. மெல்லிய சுவர்க் குழாய்க்கு நாம் படித்த சூத்திரம் நினைவிருக்கிறதா? அழுத்தம் பெருக்கல் ஆரம், வகுத்தல் தடிமன். ஆரம் கூடுகிறது, தடிமன் குறைகிறது. இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன. அதே அழுத்தத்துக்குச் சுவரில் வரும் தகைவு சுமார் 70 சதவீதம் கூடிவிடும். வெளியிலிருந்து அடிபட்டால் வளையாமல் தாங்கும் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

இதில் ஒரு நியாயமான மறுப்பும் உண்டு. அதே அளவு மருந்தைப் பெரிய குழலில் போட்டால் வாயு விரிய இடம் கூடுதல், அழுத்தம் கொஞ்சம் குறையும் என்பார்கள். சரிதான். குறுக்குப் பரப்பு 29 சதவீதம் கூடுகிறது. ஆனால் அந்தப் பெரிய குழலுக்கேற்ற உருண்டைக் குண்டின் எடை, சின்னக் குழலின் உருண்டைக் குண்டைவிட 47 சதவீதம் கூடுதல். கனமான குண்டு மெதுவாக நகரும், மருந்து எரியும் இடத்தில் அழுத்தம் ஏறும். ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்குகிற கதை. குழலின் பின்பக்கம், மருந்து வெடிக்கும் இடம், ஏற்கெனவே தடிமன். வாய்ப்பக்கம் வரவர மெலிந்து போகும். பின்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் போனால் தாங்கும். வாய்ப்பக்கத்தில் இருப்பதே கொஞ்சம்தான்.

அப்படியேதான் ஆயிற்று. குழல்கள் புடைத்தன, லேசான அடிக்கே நசுங்கின. துப்பாக்கியைச் சிப்பாய் எங்கெல்லாம் இடிக்கிறான், அதன் முனையில் பயனெட் மாட்டி என்னென்ன செய்கிறான் என்பதைப் படைத்துறை அலுவலகத்து மேஜை கணக்கில் எடுக்கவில்லை. சுவர் மெலிவு பயன்படாது என்று ஒரே வருஷத்தில் தெரிந்துபோய், 1859 மாடல் வந்தது. அதே .656 வழவழப்புக் குழல், ஆனால் இம்முறை தடித்த சுவரோடு புதிதாகவே செய்தார்கள். திறமையைக் குறைத்ததில் மாற்றமில்லை, பாதுகாப்பு மட்டும் திரும்ப வந்தது. ஒரு டிசைன் இஞ்சினியராக எனக்கு இந்த 1859 மாடல் விசித்திரமான பொருளாகப் படுகிறது. மோசமாகச் சுட வேண்டும் என்றே திட்டமிட்டு, அதை நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

குழலை ரீபோர் செய்வது எல்லாமே இப்படிச் சூது வேலை என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு நேர்மையான காரணம் ஒன்று உண்டு. நீலகிரிக்காரர்களுக்கு அது நன்றாகவே புரியும். அதன் பெயர் துரு.

கறுப்பு மருந்து என்பது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற கலவை. எரிந்த பிறகு பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அந்தச் சாம்பல் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் போடாவிட்டால் உள்ளே துரு அரிக்க ஆரம்பிக்கும். ஊட்டியில் ஜூன், ஜூலை மழையிலும், குன்னூரில் அக்டோபர், நவம்பர் பனிமூட்டத்திலும், அலமாரியில் மடித்து வைத்த கம்பளியே பூஞ்சை பிடிக்கிறது. இரும்புக் குழல் எம்மாத்திரம்?

அரிப்பு விழுந்த குழலை அக்காலக் கம்மியர் தூக்கி எறிய மாட்டார். அமெரிக்க மலைப்பகுதிகளில் இது பெரிய கலையாகவே இருந்தது. ஒரு கம்பியைக் குழலுக்குள் விட்டு, அதன் நுனியைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். ஈயம் குழலின் வரிகளை அச்செடுத்தாற்போல் உறையும். அதில் சின்ன வெட்டுப்பல் ஒன்றைப் பதித்து இழுத்தால், பழைய வரியே வழிகாட்டியாகிப் பள்ளத்தை ஆழப்படுத்தும். ஒவ்வொரு சுற்றுக்கும் பல்லின் அடியில் ஒரு காகிதத் துண்டு வைத்து உயர்த்துவார்கள். வழவழப்பாகக் கடைவதற்கு நீளமான சதுர ரீமர். அதன் ஒரு பக்கத்தில் மரப்பட்டி, மரப்பட்டிக்கும் ரீமருக்கும் நடுவே மறுபடி காகிதத் துண்டு. அளவை ஏற்றுவதற்கு மைக்ரோமீட்டர் திருகு கிடையாது, காகிதம்தான்! நம் வொர்க்‌ஷாப்பில் ஷிம் வைப்பது போலத்தான், ஆனால் அவர்கள் காகிதத்தின் தடிமனை விரலிலேயே அறிந்து வைத்திருந்தார்கள்.

வேலை முடிந்ததும் துப்பாக்கியைக் கொடுத்துவிட முடியாது. பழைய இரும்புக் குழல்கள், தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் பற்றவைத்துச் செய்தவை. உள்ளே கடையக் கடைய, அந்த மூட்டின் உள்ளே அடங்கிக் கிடந்த கசடோ விரிசலோ மேலே வரலாம். வெளியே பளபளப்பாக இருக்கும். அதனால்தான் இங்கிலாந்தில் சோதனை நிலையங்கள் இருந்தன. லண்டனில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து, பர்மிங்ஹாமில் 1813 சட்டப்படி. வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு, ஆள் தள்ளி நின்று சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை. குழலைக் கடைந்து மெலிய வைத்தால் பழைய முத்திரை செல்லாது, மறுபடி சோதனைக்கு வர வேண்டும். எவ்வளவு கைதேர்ந்த கம்மியராக இருந்தாலும், கண்ணும் கையும் சொல்வது போதாது என்று 1813-லேயே சட்டமாக எழுதியது எனக்குப் பிடித்த விஷயம்.

இங்கே அருவங்காட்டையும் சொல்லியாக வேண்டும். 1903-04-இல் தொடங்கிய கார்டைட் ஃபேக்டரி, காட்டேரி நீர்வீழ்ச்சி மின்சாரத்தில் ஓடியது. இன்று முனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டின் கீழ் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் வீட்டில் அந்தச் சங்குச் சத்தத்துக்குக் காபி கலந்திருப்பார்கள்! அங்கே தயாரானது புகையில்லா மருந்து. நைட்ரோகிளிசரினும் துப்பாக்கிப் பஞ்சும் அசிட்டோனில் பிசைந்து கயிறு போலப் பிழிந்தது, அதனாலேயே அந்தப் பெயர். கறுப்பு மருந்துக்காகச் செய்த பழைய குழலில் புகையில்லா மருந்தைப் போட்டால், அழுத்தம் குழல் தாங்கும் அளவைத் தாண்டிப் போய்விடும். கடைந்து மெலிந்த குழலாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டையும் 'மருந்து' என்ற ஒரே சொல்லால் தமிழில் சொல்கிறோம், அதுதான் ஆபத்து.

பெரிய குழல் மேல் அந்தக் காலத்து வேட்டைக்காரர்களுக்கு இருந்த மோகத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கறுப்பு மருந்தால் தோட்டாவின் வேகத்தை ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது. ஆகவே எடையைக் கூட்டினார்கள். 'போர்' என்ற அளவே எடையிலிருந்து வந்தது. ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை குண்டு வார்க்கலாமோ, அத்தனை போர். 12 போர் என்றால் 12 குண்டு. எண் குறையக் குறையக் குழல் பெரிது. அந்தக் கணக்கில் என்ஃபீல்டை ஏறக்குறைய 24 போரிலிருந்து 16 போர் ஆக்கியிருக்கிறார்கள். நம் ஊட்டிக்குக் கடல் தாண்டிய அண்ணன் தம்பி போன்ற இலங்கை நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர், 1840-இல் பிரிஸ்டல் நகரத்து கிப்ஸிடம் ஒரு துப்பாக்கி செய்யச் சொன்னார். எடை 21 பவுண்டு. மூன்று அவுன்ஸ் குண்டுக்கு ஒரு முழு அவுன்ஸ் மருந்து. தடித்த குழலாகவே செய்யச் சொன்னார், இருக்கும் குழலைக் குடையச் சொல்லவில்லை. அந்தத் துப்பாக்கியால் அவர் யானைகளுக்குச் செய்ததை நான் பாராட்டப் போவதில்லை.

நம் மலையிலும் கதை வேறில்லை. டக்ளஸ் ஹாமில்டன் 1844 முதல் 1870 வரை ஆனைமலை, நீலகிரி, பழனி மலைகளில் எழுதிய வேட்டைக் குறிப்புகள் 1892-இல் புத்தகமாக வந்தன. வரையாடும் கடமானும் குறைந்துகொண்டே போனதைப் பார்த்து, சுட்டவர்களே 1877-இல் சங்கம் வைத்தார்கள். 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய வருஷம், 1878-இல், லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். வழவழப்புக் குழலின் அதே யோசனை, இந்த முறை ரீமருக்குப் பதில் பேனா.

ராணுவத்திலும் அந்த யோசனை தொடர்ந்தது. 1866-இல் என்ஃபீல்டின் பின்பக்கத்தை வெட்டி, பின்வழியாகத் தோட்டா போடும் ஸ்னைடர் ஆக்கினார்கள். அது வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு முதலில். அவர்களுக்கு 1871-க்குப் பிறகு மார்ட்டினி-ஹென்றி வந்தபோது, ஸ்னைடர் இந்தியருக்கு இறங்கியது. அவர்களுக்கு லீ-மெட்ஃபோர்டு வந்தபோது மார்ட்டினி இறங்கியது. அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிற மாதிரி, எப்போதும் ஒரு தலைமுறை பின்னால்.

இதில் எனக்கு மிகவும் ஆச்சரியம் தந்தது கடைசி அத்தியாயம். வங்காளத்து இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் .303 லீ-என்ஃபீல்டுகளை எடுத்து, வரிகளை வழித்து, .410 வழவழப்புக் குழல் ஆக்கினார்கள். மேகசினை அடைத்து ஒவ்வொரு தோட்டாவாகப் போடும்படி மாற்றினார்கள். போலீஸுக்கும் காவலர்களுக்கும் கொடுக்க. '410 மஸ்கட்' என்று அதற்குப் பெயர். சுதந்திரத்துக்குப் பிறகும் பல மாநிலங்களில் பல வருஷம் போலீஸார் கையில் இருந்தது. பேங்க் வாசலிலோ டிரெஷரி வாசலிலோ சீனியர்கள் பார்த்திருக்கக்கூடும். கூட்டத்தைக் கலைப்பதற்கு வெகுதூரம் போகாத துப்பாக்கி நல்லது என்று இதற்கு ஒரு நியாயம் சொல்லலாம், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் 1858-இல் பிடித்த வழிதான் அது. விட்டத்தில் 2.7 மில்லிமீட்டர், இம்முறை தடித்த எஃகுக் குழலில்.

இளைய மாணவர்களுக்கு ஒரு விஷயம். லேத் இருக்கிறது, ரீமர் இருக்கிறது, தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி எங்கோ பரணில் இருக்கிறது என்று யாருக்காவது கை துறுதுறுத்தால், 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைப் படித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி செய்வது, மாற்றுவது, பழுதுபார்ப்பது எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் வேண்டும். மலைக் கிராமங்களில் பட்டறையில் தட்டிச் செய்த குழல் கண்ணருகே வெடித்த செய்திகள் அவ்வப்போது பேப்பரில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குச் சோதனை முத்திரையும் இல்லை, சுவரின் தடிமனை அளந்தவரும் இல்லை.

சும்மா பார்ப்பதற்கு லைசென்ஸ் வேண்டாம். எந்த மியூசியத்திலாவது என்ஃபீல்டு கண்ணில் பட்டால், முதலில் பின்குறியைப் பாருங்கள், ஏணியா அல்லது அசையாத சின்னத் துண்டா என்று. பிறகு கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தில் குனிந்து, குழலின் வாயைப் பாருங்கள். மூன்று பள்ளம் தெரிந்தால் அது வெள்ளைக்காரப் படைக்குப் போயிருக்கக்கூடியது. வழவழவென்று இருந்து, சுவர் பத்துப் பைசா நாணயம் போல மெல்லியதாகத் தெரிந்தால் 1858. வழவழப்பாக, ஆனால் விளிம்பு தடித்து இருந்தால் 1859. வெர்னியர் காலிப்பர் கொண்டுபோக அனுமதி கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் கண்ணே போதும்.